லெஸ்லிக்கு ஒரு கேட் பாஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்து வந்து, வந்ததும் ஆபீஸ் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன். இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறேன்... ஆனாலும் கால் வலிக்கிறது. டாக்டரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து இறங்கியது. உள்ளே முந்திரிக்கொத்து. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் லீவு முடிந்து வரும்போது கொண்டுவரும் பலகாரம். நிமிர்ந்து பார்த்தால் கிளீட்டஸ் நிற்கிறான். எங்கள் கப்பல் யார்டில் பைப் ஃபிட்டர். குளச்சல் பக்கம் கடற்கரைக் கிராமம். இரண்டு மாத லீவு முடிந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தான்.

"லெஸ்லி எப்படி இருக்கா?" என்று கேட்டேன். லெஸ்லி அவனுடைய இரண்டு வயது மகள்.

"எந்த லெஸ்லி எக்கா? பெரிய லெஸ்லியா, சின்ன லெஸ்லியா?"

எனக்குத் தெரிந்து ஒரு லெஸ்லிதான். அந்தப் பேரைத் தேடிக் கொடுத்தவளே நான். இன்னொரு லெஸ்லி எங்கிருந்து முளைத்தது? காலை எட்டு மணிக்கு எனக்கு விடுகதை போட்டால் கோபம் வரும். அது யார்டு முழுக்கத் தெரியும். கிளீட்டஸுக்கும் தெரியும். அதனால் அவனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.

அதை அப்படியே உங்களிடம் சொன்னால் புரியாது. மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறேன். லீவு ஃபாரம், கேட் பாஸ், தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் ரூம் மாற்றம்... எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அப்பாவின் பேர் இருக்கிறது. நம் ஊர் வழக்கம். இங்கே கடைசியில் இருப்பதுதான் கூப்பிடும் பேர் என்று முடிவு செய்துவிட்டார்கள். "மிஸ்டர் ராமசாமி இருக்கிறாரா?" என்று போன் வரும். முதல் இரண்டு வருஷம் விளக்கிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். "ஆமாம், ராமசாமிதான் பேசுகிறேன்" என்பேன். என் குரலைக் கேட்டு எதிர்முனை கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டுமே... நான் தடுமாறியது போதாதா?

'ஏன் எப்போதும் சோர்வாகவே எழுதுகிறீர்கள்?' என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, காலை ஐந்தரை மணிக்கு அந்த பஸ்ஸில் ஒரு தடவை என்னோடு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.

சரி, கிளீட்டஸ் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு லீவு முடிந்து வந்தவன், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் போகாமல் நின்றான்.

"எக்கா, எனக்க வீட்டுல விசேஷம்."

"சந்தோஷம். எத்தனாவது மாசம்?"

"இப்பதான் தெரிஞ்சது. நான் பெட்டி கெட்டுன அன்னைக்கு." கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் வாரை முறுக்கினான். "எனக்கு ஒரு பேரு வேணும் எக்கா. ஆணா பொண்ணான்னு நம்ம ஊர்ல ஸ்கேன்ல சொல்ல மாட்டாங்க. அதுனால ரெண்டுக்கும் ஆகுற பேரா வேணும்."

"பிறந்தப்புறம் வச்சுக்கலாமே. என்ன அவசரம்?"

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மூத்தவள் பிறந்த நாளில் இவன் சைட்டில் இருந்தான். யார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். டியூட்டி முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால், வரிசையாக மிஸ்டு கால். அதற்குள் அங்கே ஆஸ்பத்திரிக்காரர்கள் ஃபாரத்தை நீட்டி 'பிள்ளைக்குப் பேர் என்ன' என்று கேட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ரோஷ்னி என்று சொல்லிவிட்டார். நல்ல பேர்தான். மச்சானும் நல்ல மனுஷன்தான்.

"ஆனா எக்கா, பிள்ள எனக்கது, பேரு மச்சானுக்கதுல்லா?"

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆண்கள் ஊரிலிருந்து கிளம்பும்போது கையெழுத்துகளை விட்டுவிட்டு வருவார்கள். வெள்ளைத் தாளின் அடியில் ஒன்று, பள்ளிக்கூட ஃபாரத்தில் ஒன்று, கரண்ட் ஆபீஸ் மனுவில் ஒன்று. ஆள் இல்லாத குறையைக் கையெழுத்து பார்த்துக்கொள்ளும். வீடு கட்டுவதிலிருந்து காது குத்துவது வரை எல்லாம் போனிலேயே நடக்கும். அதில் ஒரு பேர் மட்டுமாவது தன் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அது பெரிய ஆசையா?

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேர் தேடினோம்.

முதலில் தமிழில் ஆரம்பித்தேன். இருபாலருக்கும் பொதுவான பேருக்கு நம்மிடம் பஞ்சமா? மணி, முத்து, அன்பு, அருள், பாக்கியம்... அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். முத்து அவன் தம்பி. அருள் என்று அவர்கள் தெருவில் கூப்பிட்டால் ஆறு பேர் திரும்புவார்கள். மணி சைட் ஃபோர்மேன். "அந்த ஆளு பேரை எனக்க பிள்ளைக்கு வைக்கவா?" என்று கேட்டுவிட்டு, அவர் எங்காவது நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டான்.

அப்புறம் இணையத்தில் ஒரு பட்டியல் அகப்பட்டது. ஆண், பெண் இருபாலருக்கும் ஏற்ற ஸ்காட்லாந்துப் பேர்கள். பிளேர் என்றேன். அர்த்தம் வயல்வெளி. "போர்ட் பிளேர்னு அந்தமானுக்குக் கப்பல் ஏறப் போற மாதிரி இருக்கு எக்கா." கேமரன் என்றேன். கோணல் மூக்கு என்று அர்த்தம் போட்டிருந்தது. அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "வேண்டாம். பிள்ளைக்கு அது எப்படியும் வரும். பேர்லயும் எதுக்கு?"

அடுத்தது லெஸ்லி.

"இது நம்ம பேருல்லா!" என்றான். அவன் ஊரில் லெஸ்லி அண்ணன் என்று விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர் உண்டாம். பக்கத்து ஊர் கான்வென்டில் லெஸ்லி சிஸ்டர் என்று ஒரு கன்னியாஸ்திரீயும் உண்டாம். இத்தனை நாள் அது தங்கள் கடற்கரைப் பேர் என்றே நினைத்திருக்கிறான்.

ஸ்காட்லாந்தில் லெஸ்லி என்பது முதலில் ஊர்ப் பேர். அந்த ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம் அதைக் குடும்பப் பேராக்கிக்கொண்டது. பல தலைமுறைக்கு அப்புறம் ஆண்களுக்கு வைத்தார்கள், பின்னாடியே பெண்களுக்கும். அர்த்தம்? ஹாலி என்ற செடி வளரும் தோட்டம் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அதன் கீழேயே சொல்கிறார்கள். ஊர்ப் பேருக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது எல்லா நாட்டிலும் இந்த லட்சணம்தான் போலிருக்கிறது.

ஹாலி படத்தைக் காட்டினேன். ஓரமெல்லாம் முள் நீட்டிய பச்சை இலை, கொத்தாகச் சிவப்புப் பழம்.

"இது கிறிஸ்துமஸ் கார்டுல ஓரத்துல இருக்குமே எக்கா. குடில்ல பிளாஸ்டிக்ல வாங்கி வைப்போம்." விரலை மடக்கி மாதக் கணக்குப் போட்டான். டிசம்பரில்தான் குழந்தை. முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் சரிபார்க்காமல் விட மாட்டேன். யார்டில் வெல்டிங்கைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். அந்த ஊர் அவர் ஊருக்கு ரொம்பத் தூரமில்லையாம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "மழை இருக்கிறது" என்றார். அப்புறம், "லெஸ்லி என்று இப்போது யார் பேர் வைக்கிறார்கள்? அது தாத்தாக்களின் பேராயிற்றே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தாத்தா விஷயத்தை கிளீட்டஸிடம் சொல்லவில்லை. மழையை மட்டும் சொன்னேன். அப்போது ஜூன் மாதம். வெளியே தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும்.

"மழ உள்ள ஊரா? அப்ப நல்ல பேருதான்" என்றான். முடிந்தது.

இனிமேல் வருவதுதான் என் கைங்கரியம். கவனித்துக்கொள்ளுங்கள்.

பேர் முடிவானால் போதுமா? மச்சான் அங்கே இருக்கிறாரே! போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு வேண்டும், கசங்கக் கூடாது என்றான். என் மேஜையில் கேட் பாஸ் செய்யும் லேமினேஷன் மெஷின் இருக்கிறது. கேட் பாஸுக்கு ஒரு ஃபார்மெட்டும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. மேலே போட்டோ, போட்டோவுக்குக் கீழே பெரிய எழுத்தில் பேர், அதற்குக் கீழே கையெழுத்து. நாளுக்கு நாற்பது போடுகிற கை. புதிதாக ஒன்று வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதையே திறந்தேன். பேர் இருக்கும் இடத்தில் தமிழில் 'லெஸ்லி' என்று அடித்தேன். கையெழுத்து அவன் போட்டான்.

"போட்டோ இடம் காலியா இருக்கே எக்கா?"

"குழந்தை போட்டோவுக்கு எங்கே போக? உன்னுடையதை ஒட்டவா?"

"ஒட்டுங்க. அப்பதான் நானே நேர்ல நின்னு சொன்ன மாதிரி இருக்கும்."

ஒட்டினேன். மெஷினில் விட்டேன். சூடாக வெளியே வந்தது. கிளீட்டஸின் முகம், அடியில் லெஸ்லி. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

லீவில் போன ரூம்மேட் ஒருவர் பால்பவுடர், கோடாலித் தைலத்தோடு அந்த அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தார். டிசம்பரில் பெண் குழந்தை. மச்சான் இந்த முறையும் ஒரு பேரோடு வந்து நின்றிருக்கிறார். கிளீட்டஸின் மனைவி ஷைனி தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறாள். சர்டிபிகேட்டில் லெஸ்லி ஏறிவிட்டது. கிளீட்டஸ் யார்டு முழுக்க லட்டு கொடுத்தான். "நான் வச்ச பேரு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான்.

ஆனால் சர்டிபிகேட்டில் இருக்கும் பேரை வீட்டில் யார் கூப்பிடுகிறார்கள்? நம் வீடுகளில் ஏட்டுக்கு ஒரு பேர், நாக்குக்கு ஒரு பேர். என்னையும் வீட்டில் பட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குழந்தை ஒரே வாரத்தில் சின்னு ஆகிவிட்டது. லெஸ்லி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். அந்த ஆள் கேம்பில் இருந்தான்.

தினமும் டியூட்டி முடிந்ததும் வீடியோவில் வருவான். "லெஸ்லி... லெஸ்லி... இங்க பாரு மக்ளே." குழந்தை திரும்பாது. ஒன்பது மாதத்திலும் திரும்பவில்லை, ஒரு வயதிலும் திரும்பவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "எக்கா, பிள்ளைக்கு காது கேக்கலியோ?" மறுநாளே ஷைனியைக் காது டாக்டரிடம் அனுப்பினான். டாக்டர் பின்னால் நின்று கை தட்டியிருக்கிறார். திரும்பியது. சின்னு என்றிருக்கிறார். சிரித்தது. லெஸ்லி என்றிருக்கிறார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

காதில் குறை இல்லை என்று தெரிந்த அன்று அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்தான். ஆனால் மறுநாள் மதியம் சாப்பிடாமல் டிபனை அப்படியே மூடி வைத்ததை நான் பார்த்தேன்.

லீவு வேறு தள்ளிப்போனது. அடுத்தடுத்துக் கப்பல் வந்தது. எட்டு மாதம் தள்ளிப்போட்ட கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் ஓடிவந்தான். போன் மணி அடித்ததும் குழந்தை 'லெஸ்லி, லெஸ்லி' என்று குதிக்கிறதாம்! "பிள்ள எனக்க பேரைப் பிடிச்சிட்டு எக்கா." அதற்கும் லட்டு கொடுத்தான். டைம் ஆபீசுக்கு இரண்டு.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு, ஊருக்குப் போனான். மற்றது செவ்வாய்க்கிழமை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவன் சொன்னது.

வாசலில் காரை விட்டு இறங்கியிருக்கிறான். குழந்தை ஷைனி இடுப்பில். அவனைப் பார்த்தது. உற்றுப் பார்த்தது. நழுவி இறங்கி, கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது.

"லெஸ்லி!"

இவன் தூக்கிக்கொண்டு, "ஆமாம்லா, நீதான் லெஸ்லி" என்றிருக்கிறான். குழந்தை தலையை ஆட்டியது. இவன் தாடியைத் தொட்டு, "லெஸ்லி." தன் நெஞ்சைத் தொட்டு, "சின்னு."

"அப்போ அப்பா எங்க மக்ளே?"

குழந்தை உள்ளே ஓடிப்போய் ஷைனியின் போனை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்ததாம்.

நியாயம்தானே? மணி அடித்தால் 'அப்பா வந்தாச்சு' என்று சொல்லிப் போனைக் கையில் கொடுக்கிறார்கள். ஆகவே போன்தான் அப்பா. போனுக்குள்ளே ஒருவன் வந்து லெஸ்லி, லெஸ்லி என்கிறான். ஆகவே அவன்தான் லெஸ்லி. இதில் சந்தேகமே வரக் கூடாது என்பதற்காகத் தொட்டிலில், கைக்கு எட்டும் உயரத்தில், நான் போட்ட அட்டை தொங்கியது. அவன் முகம், அடியில் கொட்டை எழுத்தில் பேர். எழுத்துக்கூட்டப் படித்த மூத்தவள் ரோஷ்னி, தினமும் விரலை வைத்துத் தங்கைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். லெ-ஸ்-லி.

முந்திரிக்கொத்து என் வாயில் அப்படியே நின்றது.

கிளீட்டஸ் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தான். ஒரு மூலை முழுக்கப் பால்பல் கடித்த தடம். போட்டோவில் மூக்கு தேய்ந்திருந்தது. தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. இருபத்தோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் கேட் பாஸ் போட்டிருக்கிறேன். ஒரு பேர் ஆள் மாறிப் போனதில்லை என்று பெருமை வேறு பேசுவேன். மாறிப் போனது இந்த ஒன்றுதான்.

"என் தப்புதான் கிளீட்டஸ். அந்த ஃபார்மெட்டைத் திறந்திருக்கக் கூடாது. இப்பவே புதுசு ஒண்ணு போட்டுத் தரேன். குழந்தை போட்டோ கொடு. அது பேர் தனியா, உன் பேர் தனியா, அப்பான்னு தெளிவா போட்டு..."

மெஷினை ஆன் செய்தேன். அது சூடாக இரண்டு நிமிஷம் ஆகும்.

"வேண்டாம் எக்கா."

"ஏன்?"

"ரோஷ்னி பிறந்து நான் முதல் லீவுல போனப்ப, அவ எனக்க கிட்ட வரதுக்கு பதினெட்டு நாள் ஆச்சு. கதவுக்குப் பின்னால நின்னு பாப்பா. யாரோ மாமா வந்திருக்காங்கன்னு அவளுக்க அம்மைகிட்ட சொல்லுவா. பத்தொம்பதாம் நாள்தான் மடியில இருந்தா." அட்டையை எடுத்துத் துடைத்தான். "இவ, வண்டி நின்னதும் ஓடி வந்தாளே எக்கா. தெரிஞ்ச ஆளுகிட்ட வர்ற மாதிரி வந்தா. பேரு சொல்லிக்கிட்டு வந்தா."

மெஷின் தயார் என்று விளக்கு எரிந்தது.

"ஷைனி திருத்தப் பாத்தா. நான்தான் விடுன்னுட்டேன். லெஸ்லின்னு கூப்பிடுவா, நான் என்னம்மான்னு கேப்பேன். ரெண்டு மாசமும் அப்படித்தான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் கூப்பிட்டா." எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "வளந்தா அவளே தெரிஞ்சுக்கிடுவா. சர்டிபிகேட்ல இருக்குல்லா. அதுவரைக்கும் அந்தப் பேரை நான் வச்சுக்கிடுதேன்."

ரொம்ப நாள் அவன் கவலை, தான் வைத்த பேரை மகள் ஏற்றுக்கொள்ளவில்லையே என்பதுதான். ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் ஆள் மாற்றி.

அவன் போன பிறகு மெஷினை ஆஃப் செய்தேன். போன் அடித்தது. மிஸ்டர் ராமசாமி இருக்கிறாரா என்று யாரோ கேட்டார்கள். அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. ஆமாம், இருக்கிறார் என்றேன்.

அந்தப் பட்டியலை மறுபடி திறந்து பார்த்தேன். லெஸ்லி: ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் என்று அப்படியேதான் இருக்கிறது... அப்பாவுக்கும் பொருந்தும் என்று யாராவது சேர்த்தால் நன்றாக இருக்கும்.